பஸ் குழு, டெக்னிக்கல் குழு: பன்னாட்டு மாநாட்டில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது எப்படி?

மேடைப்பின்புறம் | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். பெரிய பொறுப்பு ஒன்று தலையில் வந்து விழுந்திருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். வரும் பிப்ரவரியில் சென்னையில் ஒரு பன்னாட்டு மருத்துவ மாநாடு. ஐந்து நாள், 2,800 பேர், ஒரு பெரிய அரங்கு, எட்டுச் சின்ன அரங்கு, நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. ஒலி, ஒளி, திரை, நெட்வொர்க், மொழிபெயர்ப்பு பூத் இதெல்லாம் என் பக்கம். ஓட்டல், பஸ், சாப்பாடு, பதிவு மேசை, சரக்கு லாரி எல்லாம் வேறு ஏஜென்சி. அவர்களுடைய திட்டம் 140 பக்கம், எங்களுடையது எந்த நிமிடத்தில் எந்த விளக்கு, ஒலி, வீடியோ என்று நிமிடத்துக்கு நிமிடம் போட்ட கியூ ஷீட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு வேறு மாநாடு மாதிரி இருக்கிறது.

ஏன் பயப்படுகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாநாட்டில் (இடமும் பெயரும் வேண்டாம்) நான் சவுண்டு கன்சோலில் இருந்தேன். 9 மணிக்குத் தொடக்கம். 9 அடித்ததும் ஷோ காலர் (எப்போது எதை ஓட்டுவது என்று எங்களுக்குக் குரல் கொடுப்பவர்) "கோ" சொன்னார், விளக்கு அணைந்தது, வீடியோ ஓடியது. 1,500 நாற்காலியில் முந்நூறு பேர்தான் இருந்தார்கள். ஆறு பஸ் பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது வண்டிக் குழுவுக்கு 8.20-க்கே தெரியும், எங்களுக்குத் தெரியாது. முதல் பேச்சாளரே அந்த பஸ்களில் ஒன்றில்தான் இருந்தார். அந்த அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார், நடந்துகொண்டே காலர் மைக் குத்தினோம், அவர் போட்டிருந்த முத்துமாலை மைக்கில் உரசிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடப் பேச்சு முழுக்க அந்தக் கரகரப்பு. மாலையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்ல முப்பது விநாடி போதும், அந்த முப்பது விநாடி எங்களிடம் இல்லை. இருபது வருட ஆராய்ச்சியைச் சொல்ல அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர். இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு குழுவையும் நிஜத்தில் எப்படி இணைத்தீர்கள்?


வண்டிக்கணக்கு | செவ்வாய், இரவு 11.30

தங்கச்சி, அந்த நாள் நான் வண்டிப் பக்கம் இருந்திருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. சொல்ல வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்வதில்லை. பஸ் வாசலுக்கு வந்ததும் எங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

2022 செஸ் ஒலிம்பியாடை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, மார்ச்சில்தான் சென்னைக்கு என்று முடிவானது, ஜூலை 28-ல் தொடக்க விழா. கையில் இருந்தது நாலரை மாதம். ஓபன் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162. ஆக ஒரு சுற்றுக்கு 175 ஆட்டம், ஆட்டத்துக்கு நாலு பலகை, மொத்தம் 700 பலகை. அத்தனை பேரும் மதியம் 3 மணிக்கு மாமல்லபுரத்தில் அவரவர் பலகைக்கு முன்னால் இருக்க வேண்டும். தாமதமாக வந்தால் ஆட்டமே கையை விட்டுப் போகும், அதனால் 3 மணியிலிருந்து பின்னோக்கித்தான் வண்டிக் கணக்குப் போட முடியும். கடைசிச் சுற்று மட்டும் காலையில். பத்து நாளாக மதியத்துக்குப் பழகிய டிரைவர், சமையல்கட்டு, பாதுகாப்பு எல்லாரையும் ஒரே ராத்திரியில் காலைக்கு மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் நடுவில் அதே நாட்களில் ஃபிடே என்ற உலகச் செஸ் அமைப்பின் மாநாடும் நடந்தது. ஆகஸ்ட் 7 பொதுச்சபையில் துவோர்கோவிச் மறுபடியும் தலைவர், நம்ம ஆனந்த் துணைத் தலைவர். அன்றைக்கு ஒன்பதாவது சுற்று ஆட்டமும் உண்டு. வாக்களிக்க வந்த பிரதிநிதிக்கு ஒரு நேரம், ஆட வந்தவருக்கு வேறு நேரம்.

சரி, உங்கள் கணக்கு. 2,800 பேரில் 1,600 பேர் பஸ்ஸில் வருவதாக வைப்போம். 45 சீட் என்றாலும் 40 பேர்தான் ஏறுவார்கள், ஆக 40 டிரிப். லேப்டாப் பையோடு 40 பேர் இறங்க நாலு நிமிடம். ஒரே நேரத்தில் இரண்டு பஸ் நிற்கத்தான் இடம் என்றால் 80 நிமிடம். டிராஃபிக்கே இல்லாத ஊராக இருந்தாலும் 80 நிமிடம்தான். ஏழரைக்கு முதல் பஸ் கதவு திறந்தால் கடைசி ஆள் இறங்க 8.50, அப்புறம் ஸ்கேனர், கழிவறை, காபி. உங்கள் 9 மணி அங்கேயே போச்சு. இறக்குமிடத்தை நாலாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடக்கத்தை 9.30 ஆக்குங்கள். இதை இப்போதே பேச வேண்டும், ஜனவரியில் பேசினால் அழைப்பிதழ் அச்சாகியிருக்கும்.


தனித்தனி | புதன், காலை 7.05

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த மாநாடு ஒன்றில் நானும் இருந்தேன். வாட்ஸப் குழுவில் 64 பேர். "சாம்பாரில் உப்பு அதிகம்" என்ற செய்திக்கும் "அரங்கு 3-ல் புரொஜெக்டர் அவுட்" என்ற செய்திக்கும் ஒரே டிங் சத்தம். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கன்சோலில் இருப்பவர் காதில் அவருடைய கியூ மட்டும்தான் விழ வேண்டும். பஸ் கதையை அவரிடம் சொல்லி என்ன ஆகும்? குழுக்கள் தனியாக இருக்கட்டும், நடுவில் ஒரே ஒரு ஆள் போதும்.


ஏழாம்சேனல் | புதன், காலை 9.18

நான் பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்ப்புக் கருவி போடுகிறேன். தனித்தனி சார் சொல்வது டிராஃபிக் செய்திக்குப் பொருந்தலாம். என் வேலையில் எது லாஜிஸ்டிக்ஸ், எது டெக்னிக்கல் என்று கோடு போட எனக்கே தெரியவில்லை.

பூத் எப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 4043 என்ற பன்னாட்டுத் தரம் சொல்கிறது: அளவு, ஒலித்தடுப்பு, காற்றோட்டம். உள்ளே இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவார்கள். மேடையும் திரையும் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேசுபவரின் முகத்தைப் பார்க்காமல் நல்ல மொழிபெயர்ப்பு வராது. ஆனால் பூத் வருவது லாரியில், லாரி நேரம் போடுவது லாஜிஸ்டிக்ஸ். கார்பெட் விரித்து, நாற்காலி போட்டு, அலங்காரம் முடிந்த பிறகு என் லாரி உள்ளே வந்தால் மிச்சம் இருப்பது தூணுக்குப் பின்னால் உள்ள இடம்தான். இது எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது.

அடுத்தது ரிசீவர், மொழிபெயர்ப்பைக் கேட்க ஆளுக்கு ஒன்று கொடுக்கும் கருவி. அதற்குப் பேச்சு வருவது இன்ஃப்ராரெட்டில், அதாவது அகச்சிவப்பு அலையில். இன்ஃப்ராரெட் சுவரைத் தாண்டிப் போகாது, அதனால் ஒரு அரங்கின் பேச்சு பக்கத்து அரங்கில் கேட்காது, அது நல்லது. ஆனால் நேரடி வெயில் ஆகாது. கண்ணாடிச் சுவர் வைத்த அரங்கில் காலை பத்து மணிக்கு வெயில் சாய்ந்து விழும் ஓரத்தில் மட்டும் இரைச்சல். திரைச்சீலை போடுவது யார்? அரங்கு அலங்காரக்காரர். அவருக்கு அகச்சிவப்பு அலையைப் பற்றி யார் சொல்வது?

ஆயிரம் ரிசீவர் கொடுத்து ஆயிரமும் திரும்ப வாங்க வேண்டும். கழுத்து அட்டையை ஸ்கேன் செய்து கொடுத்தால்தான் கணக்கு நிற்கும், அந்த மேசை பதிவுக் குழுவுடையது. ராத்திரி சார்ஜ் போட வேண்டும். ஒரு பெட்டியில் ஐம்பது சொச்சம்தான் பிடிக்கும், ஆக இருபது பெட்டி, இருபது பிளக். ஒரு ஊரில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு இரவு பத்தரைக்குப் போனேன். காலை ஆறரைக்கு வந்தால் ஒரு விளக்கும் இல்லை. அரங்கு ஊழியர் கடமையாக 11 மணிக்கு அந்தப் பக்க மெயினை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் தப்பே கிடையாது, அவருக்குக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. அன்று காலை 400 பேருக்கு மொழிபெயர்ப்பு இல்லை. அதிலிருந்து என் பெட்டிகளின் சர்க்யூட் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, மெயின் போர்டிலேயே ஒட்டிவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1945 நவம்பரில் நாஜித் தலைவர்கள் மேல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையில்தான் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் இந்த முறை பெரிய அளவில் வந்தது. அங்கே பேசுபவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகப் பேசு, சிவப்பு என்றால் நிறுத்து. எட்டு நிமிடத்தில் நாற்பது ஸ்லைடு ஓட்டும் மருத்துவர்கள் உங்கள் மாநாட்டுக்கு நிச்சயம் வருவார்கள். மேடையில் ஒரு மஞ்சள் விளக்கு வையுங்கள் மேடம். ஸ்லைடுகள் முந்தின நாளே பூத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதை அனுப்புவது யார் என்பதையும் இன்றைக்கே பெயரோடு எழுதி வையுங்கள்.


பேட்ஜ்மேசை | புதன், மதியம் 1.50

பதிவுப் பக்கத்திலிருந்து. எங்களுக்கு மாநாடு தொடங்குவது விசாக் கடிதத்தில். மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும், அமைப்பாளர் வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியும் வாங்க வேண்டும், அதற்கே மாதக் கணக்கில் ஆகலாம். இப்போதே ஆரம்பிக்காவிட்டால் கடைசி வாரத்தில் பேச்சாளர் பட்டியல் சரியும், உங்கள் கியூ ஷீட்டும் கூடவே சரியும்.

பெயர் இன்னொரு பெரிய தொல்லை. அகர வரிசையில் மேசை பிரித்தால் ஒருவர் குடும்பப் பெயரில் தேடுவார், ஒருவர் முதல் பெயரில். நம்மூர்க்காரர் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. இனிஷியலை விரித்து எழுதியவர் அப்பா பெயரில் போய் விழுந்திருப்பார். முப்பது வருடம் முருகேசனாக வாழ்ந்த மனிதர் எம் வரிசையில் நின்று நின்று, கடைசியில் அவர் அட்டை எஸ் வரிசையில் சுப்பையாவாகக் கிடைக்கும். பேச்சாளராக இருந்தால் அவர் ஸ்லைடும் கிடைக்காது, ஏனென்றால் ஸ்லைடு மேசை வேறொரு பட்டியலில் தேடுகிறது. விசா, அறை, பஸ், அட்டை, ரிசீவர், ஸ்லைடு ஆறுக்கும் ஒரே பதிவு எண். வரிசை எழுத்தில் வேண்டாம், க்யூஆரில் இருக்கட்டும்.

தொடக்க விழாவுக்குப் பெரிய தலைவர் யாராவது வருகிறாரா? 2010 ஆகஸ்டில் ஐதராபாத்தில் பன்னாட்டுக் கணித மாநாடு நடந்தபோது நான் ஆய்வு மாணவி, பார்வையாளராகப் போயிருந்தேன். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் கையால் ஃபீல்ட்ஸ் பதக்கம். அந்த மாதிரி நாளில் அரங்கின் கடிகாரம் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கும். எத்தனை மணிக்குப் பிறகு மேடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள், உங்கள் கடைசி மைக் சோதனை அதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.


ஸ்விட்ச்ரேக் | புதன், இரவு 8.33

நெட்வொர்க் பற்றிச் சுருக்கமாக. 2,800 பேர் என்றால் ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப், ஐயாயிரத்துக்கு மேல் கருவி. அரங்கு கொடுக்கும் நெட்டில் பல இடங்களில் /24 என்ற சின்ன முகவரித் தொகுப்பைப் போட்டிருப்பார்கள், அதில் 254 முகவரிதான். 255-வது ஆளுக்கு வைஃபை சிக்னல் முழுசாகத் தெரியும், நெட் மட்டும் வராது. அவர் ரவுட்டரைத் திட்டுவார். முன்கூட்டியே பெரிய முகவரித் தொகுப்பு கேளுங்கள், ஒரு கருவி ஒரு முகவரியைப் பிடித்துவைத்திருக்கும் லீஸ் நேரத்தையும் குறையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், கூட்டத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள்.

அட்டை அச்சிடும் மேசை, ஸ்லைடு அறை, நேரலை இந்த மூன்றும் கேபிளில், தனி விலானில் (கூட்டத்தின் நெட்டோடு கலக்காத தனிப் பிரிவில்) இருக்கட்டும். பதிவு மேசையை வைஃபையில் விட்டால் காலை எட்டு மணிக்கு வாசலில் கூட்டம் சேரச் சேர அச்சு மெதுவாகும், அச்சு மெதுவாக ஆக வாசலில் கூட்டம் சேரும். வண்டிக்கணக்கு அண்ணன் சொன்ன 80 நிமிடம் 120 ஆகிவிடும்.


தனித்தனி | புதன், இரவு 9.40

எல்லாம் படித்தேன். ஏழாம்சேனல் சொன்ன மெயின் ஸ்விட்ச் கதை என்னை யோசிக்க வைத்துவிட்டது, நடுவில் ஒரு ஆள் இருந்தாலும் அது அவர் கண்ணில் பட்டிருக்காது. திட்டம் போடும்போது ஒரே மேசை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாநாடு நடக்கும் ஐந்து நாளும் ஒரே மேசை கூடாது என்பதில் மாற்றம் இல்லை. அப்போது யார் யாரிடம் பேசலாம் என்று கறாராக இருக்க வேண்டும். முக்கியமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: 8.55-க்குப் பாதிக் கூட்டம் வெளியே நிற்கிறது, அமைப்புக் குழுத் தலைவர் "ஆரம்பிங்க" என்கிறார், வண்டிக் குழு "பத்து நிமிஷம்" என்கிறது. யார் பேச்சு எடுபடும்?


மேடைப்பின்புறம் | புதன், இரவு 11.15

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் சார். அதைத்தான் நாளைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஷோ காலர் பக்கத்திலேயே வண்டிக் குழுவின் ஆள் ஒருவர், கையில் ஒரே ஒரு வாக்கி, காதில் எங்கள் டாக்பேக் (டெக்னிக்கல் குழு தங்களுக்குள் பேசும் ஹெட்செட் லைன்) வேண்டாம். அவர் ஷோ காலரிடம் சொல்வது ஒரே ஒரு எண்: இன்னும் எத்தனை பேர் ரோட்டில். 200-க்குக் கீழே என்றால் ஆரம்பிக்கலாம். மேலே என்றால் பத்து நிமிடம் வரை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஷோ காலருக்கு. பேச்சாளரோ மொழிபெயர்ப்பாளரோ கட்டடத்துக்குள் வந்து சேரவில்லை என்றால் அந்த 200 கணக்கே கிடையாது, நிறுத்தித்தான் ஆக வேண்டும். தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இது நடக்குமா?


வண்டிக்கணக்கு | வியாழன், காலை 6.10

கையெழுத்து வாங்குங்கள், வாயால் சொன்னது அன்றைக்குச் செல்லாது. பேச்சாளர்களை முதலில் பஸ்ஸிலிருந்து இறக்குங்கள், அதாவது அவர்களைப் பஸ்ஸில் ஏற்றவே வேண்டாம். தனிக் கார், முந்தைய அமர்வு தொடங்கும்போதே அவர் உள்ளே இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கருவி வருகிறதா? ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணத்தில் வந்தால் சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுவரலாம், ஆனால் வந்த பட்டியலும் திரும்பிப் போகும் பட்டியலும் ஒவ்வொரு பொருளாக ஒத்துப்போக வேண்டும். ஒரு லென்ஸ் இங்கே பழுதாகி யாராவது நல்ல மனசோடு வேறு லென்ஸ் மாட்டி அனுப்பினால் சுங்கத்தில் நின்றுவிடும். உங்கள் பையன்களிடம் சொல்லிவையுங்கள். எல்ஈடி திரை லாரி, விளக்குகளைத் தொங்கவிடும் டிரஸ் சட்டங்கள் ஏற்றிய லாரி எல்லாம் ராத்திரியில்தான் வரும், பகலில் கனரக வண்டிக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு. அந்த ராத்திரி வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு யார் கணக்கில் என்று பாருங்கள். இரண்டு திட்டத்திலும் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

பிப்ரவரி என்பதால் மழைக்குப் பயமில்லை. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் வந்து விமான நிலையம் மூடியது நினைவிருக்கும். அந்த மாதிரி மாதமாக இருந்தால் என் முதல் கேள்வியே வேறு.


மேடைப்பின்புறம் | சனி, மாலை 4.27

கூட்டம் முடிந்தது. ஆறு மணி நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். 140 பக்கத்தையும் கியூ ஷீட்டையும் கிழித்து, சுவரில் நேரக் கோடு போட்டு வரிசையாக ஒட்டினோம். மூன்று விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று, முதல் நாள் காலை 7.40-க்கு ஏழாம் கேட்டில் பஸ்ஸும் வருகிறது, எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் வண்டியும் வருகிறது. இரண்டு, மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு போடும் இடத்துக்கு நடுவே எங்கள் மெயின் கேபிள் ஓடுகிறது. மூன்று, அண்ணன் சொன்னது அப்படியே: ராத்திரி லாரி இறக்கும் 46 பேருக்குச் சாப்பாடு எந்தத் தாளிலும் இல்லை. அந்த இடத்திலேயே ஏஜென்சிப் பெண் தன் பேனாவால் எழுதிச் சேர்த்தார், இரவு 1 மணிக்கு டீயும் சேர்த்து.

தொடக்கம் 9.30 ஆகிவிட்டது. இறக்குமிடம் நாலு கேட்டேன், மூன்றுதான் கொடுக்க முடியும் என்கிறார்கள். நிறுத்திவைக்கும் அதிகாரத்துக்குத் தலைவர் கையெழுத்துப் போட்டார், 200-ஐ 150 ஆக்கிய பிறகு. ஏழாம்சேனல் சார், பூத் லாரி இப்போது கார்பெட்டுக்கு முன்னால் இருக்கிறது. மஞ்சள் விளக்குக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது.

ஒத்திகை ஜனவரி கடைசி ஞாயிறு, மூன்று நிஜ பஸ்ஸும் 120 மாணவர்களும். அவர்களில் பத்துப் பேருக்கு வேண்டுமென்றே தப்பான பெயரில் அட்டை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். வண்டிக்கணக்கு அண்ணா, அன்றைக்கு நீங்கள் சென்னையில் இருந்தால் ஏழாம் கேட்டில் வந்து நிற்க முடியுமா?


வண்டிக்கணக்கு | சனி, மாலை 5.02

வருகிறேன்மா. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு அரைமணி முன்னால் இருப்பேன்.